மலையும் மக்களும்: சுன் சூவின் போர்நூலைத் தும்பறையிலிருந்து வாசித்தல்

1

பண்டைச் சீனத்தின் போர்நூல்களுள் சுன் சூவின் பெயரால் வழங்கும் 'போர்க்கலை'யே உலகெங்கும் மிகுதியாக வாசிக்கப்படுவது. பதின்மூன்று இயல்களைக் கொண்ட இச்சிறுநூல் 1772ஆம் ஆண்டு அமியோ என்னும் யேசுசபைத் துறவியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. 1910ஆம் ஆண்டு வெளிவந்த லயனல் கைல்ஸின் மொழிபெயர்ப்பு ஆங்கிலம் வழி வாசிப்போரிடையே அதனைப் பரவச் செய்தது. இன்று புத்தகக் கடைகளில் இந்நூல் வணிக முகாமைத்துவ நூல்களின் அருகிலேயே வைக்கப்பட்டுள்ளது. போட்டி நிறுவனத்தை வீழ்த்துவதற்கும் பதவி உயர்வு பெறுவதற்கும் அது வழிகாட்டும் என்று முன்னுரைகள் கூறுகின்றன. வேறு சிலர் அதனைக் கீழைத்தேய ஞானியொருவரின் காலங்கடந்த வாக்காகப் போற்றுகின்றனர்.

இவ்விரு வாசிப்புகளும் வெளித்தோற்றத்தில் வேறுபடினும் அடிப்படையில் ஒன்றே. எந்த மக்கள், எந்த நிலத்தில், எவருக்காகப் போரிட்டனர் என்னும் வினாவை இரண்டும் ஒதுக்கிவிடுகின்றன. அவ்வினாவை மீண்டும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குரிய உரைகல்லாகக் கண்டி இராச்சியத்தின் போர் வரலாற்றையும், குறிப்பாக அவ்வரலாற்றின் இறுதிக் கட்டம் அரங்கேறிய தும்பறைப் பள்ளத்தாக்கையும் கொள்கிறோம். தெல்தெனியவை அடுத்துள்ள மெதமகாநுவரப் பகுதியிலேயே இலங்கையின் கடைசி அரசன் 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் சிறைபிடிக்கப்பட்டான். இரு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியப் படைகளை அலைக்கழித்த ஓர் அரசு, பெரும்போர் எதுவுமின்றி அங்கே முடிவெய்தியது. சுன் சூவின் நூலை விளங்கிக்கொள்வதற்கு இந்நிகழ்ச்சியைப் போல் உதவுவது பிறிதொன்று இப்பிரதேசத்தில் இல்லை எனலாம்.

2

எந்த நூலும் தான் தோன்றிய சமூகத்தின் முத்திரையைத் தாங்கியே நிற்கும். மரபுவழிச் செய்திகள் சுன் சூவைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வூ நாட்டு மன்னனுக்குப் பணியாற்றியவராகக் கூறும். ஆயினும் நூலில் இடம்பெறும் பெருந்திரளான காலாட்படை, குறுக்குவில் முதலிய குறிப்புகளைக் கொண்டு, நூல் இன்றைய வடிவைப் பெற்றது போரிடும் அரசுகளின் காலத்திலேயே என ஆய்வாளர் பலர் கருதுவர். 1972ஆம் ஆண்டு சாந்துங் மாகாணத்து யின்சுவேசான் கல்லறைகளில் மூங்கிற் சுவடிகள் கண்டெடுக்கப்பட்டன. சுன் சூவின் நூலும், அதுகாறும் மறைந்து போயிருந்த சுன் பின்னின் போர்நூலும் தனித்தனி நூல்கள் என்பதை அவை உறுதிப்படுத்தின. எனவே இது தனியொரு மேதையின் திடீர் அருள்வாக்கு அன்று. நீண்டதொரு போர்ச் சிந்தனை மரபின் விளைபொருளேயாகும்.

அம்மரபு தோன்றிய காலம் சீனச் சமுதாயம் பெருமாற்றத்துக்கு உட்பட்ட காலம். உயர்குடியினர் தேரேறிப் பொருத பழைய போர்முறை மறைந்து, உழவர்களைப் பெருந்தொகையாகத் திரட்டிக் காலாட்களாக்கிய புதிய போர்முறை எழுந்தது. போர் உயர்குடி வீரத்தின் விளையாட்டாக இருந்த நிலை மாறி, அரசின் முழுப் பொருளாதாரத்தையும் உறிஞ்சும் தொழிலாயிற்று. சுன் சூ இதனை நன்கு உணர்ந்திருந்தார். இலட்சம் வீரரை வெளியே அனுப்பும் அரசு நாளொன்றுக்கு ஆயிரம் பொன் செலவிட நேரும் என அவர் கணக்கிடுகிறார். ஒற்றர் பற்றிய இறுதி இயலிலும் அவர் ஒரு கணக்குடனேயே தொடங்குகிறார்: அவ்வளவு பெரிய படை எழுந்தால் ஏழு இலட்சம் குடும்பங்களின் உழவுத் தொழில் தடைப்படும். எட்டுக் குடும்பங்கள் கொண்ட தொகுதியில் ஒன்று வீரனை அனுப்ப ஏனைய ஏழும் அதன் சுமையைத் தாங்கும் முறையைக் கொண்டு உரையாசிரியர் இதற்கு விளக்கம் தருவர்.

இக்கணக்கே நூலின் திறவுகோல் என்பது எமது கருத்து. போரிடாது வெல்வதே மேலான வெற்றி என்னும் புகழ்பெற்ற கோட்பாட்டைப் பலர் அகிம்சையின் குரலாகக் கொள்வர். நூலை முழுமையாக நோக்குமிடத்து, அது உழவனின் உழைப்பை உறிஞ்சி வாழும் அரசு, அவ்வுழைப்பின் ஊற்று வற்றிவிடாதிருக்க வகுத்துக்கொண்ட சிக்கன விதி என்பது புலனாகும். நீடித்த போரினால் எந்நாடும் நன்மை அடைந்ததில்லை என அவர் கூறுவதும் இதனாலேயே. அவரது ஞானம் பொருள்முதல் அடிப்படை கொண்டது. அந்த அளவில் அது மதிப்புக்குரியது.

3

தமிழ் மரபிலே இத்தகைய சிந்தனை இல்லாமற் போகவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயலன்று. வினை செய்வோன் தன்வலியும் மாற்றான்வலியும் துணைவலியும் சீர்தூக்க வேண்டும் என்பதும், காலத்தைக் காகம்–கூகை உவமையாலும் இடத்தைச் சேற்றில் அகப்பட்ட யானையை நரி கொல்லும் உவமையாலும் வள்ளுவர் விளக்குவதும் சுன் சூவின் சிந்தனையோடு நெருங்கி வருவன. ஒற்றாடல், உட்பகை ஆகிய அதிகாரங்களையும் இவற்றோடு சேர்த்து நோக்கல் வேண்டும். ஒருவர் மற்றவரிடமிருந்து பெற்றார் எனக் கொள்ள இதில் இடமில்லை. நிலவுடைமை அரசுகள் தம்முள் ஓயாது பொருத சூழலில், அரசனுக்கு அறிவுரை கூறும் கற்றோர் குழாம் இரு நாடுகளிலும் ஒத்த முடிவுகளை எய்தியது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

எனினும் அறநூலில் இடம்பெற்ற இவ்வறிவு போர் பாடிய இலக்கியத்தில் இடம்பெறாமை கவனிக்கத்தக்கது. புறத்திணை மரபு ஆநிரை கவர்தல் முதல் வாகை சூடுதல் வரை போரின் படிகளைத் துறைகளாக வகுத்தது. ஆனால் அதன் நோக்கு வீரனின் புகழிலும் மன்னனின் கொடையிலும் தங்கியது. கலிங்கத்துப்பரணியில் சாதாரணப் போர்வீரனின் உடல் பேய்கள் அடும் கூழுக்குரிய பொருளாகவே பெரிதும் பயன்படுகிறது. அவன் எந்த ஊர் உழவன், அவனது வயலை யார் உழுதனர் என்பன கவிஞனின் அக்கறைக்கு உட்பட்டவை அல்ல. சுன் சூ குறைந்தபட்சம் அந்தக் குடும்பங்களை எண்ணினார். பரணி அதனையும் செய்யவில்லை. அதே வேளை, சுன் சூ எண்ணியதும் அரசின் வரவு செலவுக் கணக்குக்காகவே என்பதை மறந்துவிடலாகாது.

சீனப் போர்மரபு இலங்கை மண்ணை நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடைய கல்வெட்டொன்றைக் காலியிலே விட்டுச் சென்றான். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அதன் தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தெய்வத்தைப் போற்றுகிறது. 1411இல் அவன் மீண்டும் வந்தபோது அழகக்கோனாரோடு போர் மூண்டது. ஐம்பதினாயிரம் பேர் தன் கப்பல்களைச் சூறையாடச் சென்றிருந்த வேளையில், செங் ஹோ இரண்டாயிரம் வீரருடன் மாற்றுவழியாகச் சென்று காவல் குன்றிய தலைநகரைப் பிடித்து, ஆட்சியாளனைச் சிறைசெய்து சீனாவுக்குக் கொண்டுசென்றான் எனச் சீன அரச குறிப்புகள் கூறும். எதிரி எதிர்பாராத இடத்தில் தாக்குதல் என்னும் கோட்பாட்டுக்கு இது தக்க சான்று. வென்றவர் எழுதிய கணக்கு என்பதால் எண்களைத் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு: கற்சாசனத்தில் மும்மொழித் தெய்வங்களுக்கும் காணிக்கை செலுத்திய பேரரசு ஈராண்டுகளில் போர்நூலைக் கையில் எடுத்தது.

4

கண்டி இராச்சியத்தில் சுன் சூவின் நூலை எவரும் கற்றிலர். ஆயினும் அவ்வரசின் போர்முறை அந்நூலின் இயல்கள் பலவற்றுக்கு எழுதப்படாத உரைபோல் அமைந்தது.

1594ஆம் ஆண்டு பெத்ரோ லோப்பஸ் த சூசாவின் தலைமையில் போர்த்துக்கேயப் படை கண்டியை அடைந்தது. போர்த்துக்கேயரின் பக்கம் நின்ற சுதேசப் படைத்தலைவன் ஜயவீர பண்டாரன் மீது ஐயம் விளைவிக்கும் கடிதமொன்று அவர்கள் கைக்கு எட்டியது. அவர்கள் அவனைக் கொன்றனர். அதன்பின் லஸ்கரின் வீரர்கள் திரளாக விலகினர். எஞ்சிய படை தந்துறையில் அழிந்தது. 1630இல் இரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனு த சாவின் படைக்கும் இதே கதி நேர்ந்தது. 1638 மார்ச்சில், இன்றைய பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கன் மற்றொரு போர்த்துக்கேயப் படையை நிர்மூலமாக்கினான். 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே, மலைப்பாதைகளில் முட்கதவுகள் இட்டுக் காவல் செய்த முறையையும், நேருக்கு நேர் பொருவதைத் தவிர்த்துப் பதுங்கித் தாக்கிய முறையையும் விவரிக்கிறார்.

1803ஆம் ஆண்டின் போர் இம்முறையின் உச்சமாகும். பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் மலைகளுக்குள் பின்வாங்கியிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமி என்பவனைப் பொம்மையரசனாக அமர்த்தி, மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். மழையும் காய்ச்சலும் பட்டினியும் அப்படையைத் தின்றன. யூன் 24இல் அது சரணடைந்தது. திருகோணமலை நோக்கிப் புறப்பட்டவர்கள் வட்டப்புளுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க இயலாது நின்றனர். அங்கேயே அவர்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். ஆற்றின் அக்கரை தும்பறை. அடுத்த ஆண்டு மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை படைநடத்திப் பெருந்துன்பத்துடன் திருகோணமலைக்கு மீண்ட கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் 1810இல் தன் அனுபவத்தை நூலாக எழுதினான். கண்டியரின் போர்க்கலையைக் கூர்ந்து ஆராய்ந்த அந்நூலை எழுதியவன் அவர்களின் எதிரி என்பது வரலாற்றின் முரண்.

வள்ளுவரின் யானை சேற்றில் அகப்பட்டது. ஆனால் அச்சேற்றை அறிந்திருந்தவர் யார்? எந்தக் கணவாயில் எந்த மாதம் காய்ச்சல் வரும், எந்தத் துறையில் ஆறு எப்பொழுது பெருகும், எந்தக் காட்டில் நெல்லை மறைத்து வைக்கலாம் என்னும் அறிவு அரண்மனையில் பிறந்ததன்று. சேனைப்பயிர் செய்தும் பொதி சுமந்தும் இராசகாரிய ஊழியத்துக்கு உட்பட்டும் வாழ்ந்த மக்களின் அன்றாட உழைப்பிலே அது திரண்டது. தன் உணவைத் தானே சுமந்து வந்து, தவணை முடிந்ததும் வயலுக்குத் திரும்பிய குடியானவனே கண்டியின் படைவீரன். சுன் சூ எண்ணிய அந்த ஏழு இலட்சம் குடும்பங்களின் இலங்கை வடிவம் இதுவே. போர்த் தந்திரம் என நாம் போற்றுவது பெரும்பாலும் தளபதியின் பெயரில் எழுதப்பட்ட உழவனின் அறிவாகும்.

5

இவ்வளவு வலிமை வாய்ந்த அரசு பன்னிரண்டே ஆண்டுகளில் எங்ஙனம் வீழ்ந்தது? மலை அப்படியே இருந்தது. மழையும் காய்ச்சலும் மாறவில்லை. இதற்கான விடை சுன் சூவின் முதல் இயலிலேயே உள்ளது. போரை நிர்ணயிக்கும் காரணிகள் ஐந்து என அவர் வகுப்பார்: நெறி, வானம், நிலம், தலைவன், ஒழுங்கு. நெறி என்பது மக்களை ஆட்சியாளனோடு ஒருமனப்படச் செய்வது என அவரே விளக்குகிறார். கண்டிக்கு வானமும் நிலமும் துணைநின்றன. முதலாவதாகிய நெறி சிதைந்துவிட்டது.

ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலான முரண்பாடு, நிலத்தின் மீதும் ஊழியத்தின் மீதும் யாருடைய அதிகாரம் மேலோங்குவது என்பது பற்றியது. அரசன் மத்தியில் அதிகாரத்தைக் குவிக்க முனைந்தான். பிரதானிகள் தம் மாகாணங்களைத் தமது உடைமையாகக் கருதினர். கண்டி ஏரி முதலிய நிருமாணங்களுக்குக் கட்டாய உழைப்பை வழங்கிய மக்களோ இரு சாராராலும் நசுக்கப்பட்டனர். 1814இல் எகலப்பொல ஆங்கிலேயரிடம் ஓடினான். அவனது குடும்பத்தின் கொடூரக் கொலை அரசனை மேலும் தனிமைப்படுத்தியது.

இப்பிளவை அறிந்து அளந்தவன் யோன் டொயிலி. சிங்களத்தை ஆழ்ந்து கற்ற இவ்வரசாங்க மொழிபெயர்ப்பாளன், பிக்குகள், வணிகர், பிரதானிகள் ஆகியோர் வழியாகக் கண்டியின் செய்திகளை நாள்தோறும் திரட்டினான். 1810 முதல் 1815 வரையிலான அவனது நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. அதனை வாசிப்போர் சுன் சூவின் ஒற்றர் இயலுக்கு நடைமுறை விளக்கத்தை அதிற் காண்பர். பகைநாட்டின் அதிகாரிகளையே உளவாளிகளாகக் கொள்வதை ஐவகை ஒற்றுள் ஒன்றாகச் சுன் சூ கூறுவார். நகரைத் தாக்குவதைக் கடைசி வழியாகவும், எதிரியின் திட்டத்தையும் கூட்டையும் முறிப்பதை முதன்மை வழிகளாகவும் வைப்பார். 1815 சனவரியில் தேசாதிபதி பிறவுண்றிக்கின் படைகள் பல முனைகளிலும் நகர்ந்தபோது முறிக்கப்பட வேண்டியவை ஏற்கெனவே முறிந்திருந்தன. மொல்லிகொட அரசனைக் கைவிட்டான். பெப்ரவரி 14இல் கண்டி பிடிபட்டது. நான்கு நாள் கழித்துத் தும்பறையில் அரசன் சுதேசிகளாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டான். போரிடாது வெல்லும் மேலான வெற்றியை இங்கே எய்தியது ஏகாதிபத்தியம்.

மார்ச் 2இல் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை 'மலபார்' அரச மரபின் உரிமையை ஒழித்து, அரசனின் ஆண் உறவினர் கண்டிப் பிரதேசத்தில் இருப்பதையும் தடைசெய்தது. வர்க்க முரண்பாடு இன முரண்பாடாகப் பெயர் மாற்றப்பட்டது. இலக்கியமும் இப்பெயர் மாற்றத்தில் பங்குகொண்டது. சிங்கள மொழியின் ஹட்டன என்னும் போர்க்காவிய வகையில், 1803ஆம் ஆண்டின் போரைப் பாடும் 'இங்கிரிசி ஹட்டன' மன்னனின் வெற்றியைப் போற்றும். அதே மன்னனின் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'வடிக ஹட்டன' அவனை அந்நியனாகச் சித்திரித்து எகலப்பொலவைப் புகழும். 'வடிக' என்பது தமிழில் நாம் வடுகர் என வழங்கும் சொல்லே. இடைப்பட்ட ஆண்டுகளில் மன்னனின் குலம் மாறவில்லை. கவிதையைப் புரந்தவர்களின் நலன் மாறியது. அவைக்களக் கவிதை ஆதிக்க வர்க்கத்தின் திசைகாட்டியாக இயங்குவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மக்கள் அக்கவிதையை நம்பினார்களா? ஈராண்டு கழித்து 1817இல் ஊவா–வெல்லஸ்ஸவில் வெடித்த கிளர்ச்சி, நாயக்க அரச மரபினன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட 'துரைசாமி' ஒருவனையே அரசனாக ஏற்றது. அக்கிளர்ச்சி தும்பறைக்கும் பரவியது. ஆங்கிலேயர் ஊர்களையும் பயிர்களையும் எரித்து அதனை அடக்கினர். கெப்பெட்டிபொலவும் மடுகல்லையும் 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அரசன் வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தான்.

6

இங்கு சுன் சூவின் நூலிலுள்ள அடிப்படை முரண்பாடு வெளிப்படுகிறது. முதல் இயலில் மக்களின் ஒருமனம் முதற்காரணி என்கிறார். பதினோராம் இயலிலோ, தளபதி தன் திட்டத்தை வீரர் அறியாதவாறு மறைத்து, ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல் அவர்களை ஓட்டவேண்டும் என்கிறார். மீள வழியற்ற இடத்தில் நிறுத்தினால் அவர்கள் தாமே போரிடுவர் என்பதும் அவரது கூற்று. எங்கே செல்கிறோம் என்பதை அறியாத மந்தையின் மனம் எவ்வாறு ஆட்சியாளனின் மனத்தோடு ஒன்றும்? இவ்வினாவுக்கு நூல் விடை தரவில்லை. நிலவுடைமை அரசின் அறிவுரையாளர் ஒருவரால் தரவும் முடியாது. சுரண்டலை ஒழிக்காமல் ஒருமனத்தை மட்டும் வேண்டி நிற்பதே அச்சிந்தனையின் வரலாற்று எல்லை.

இவ்வெல்லையைக் கடந்தது இருபதாம் நூற்றாண்டின் சீனப் புரட்சி. 1938இல் மாஓ சேதுங் நீடித்த போர் பற்றி ஆற்றிய உரைகளில் சுன் சூவின் பெயரைச் சொல்லியே அவரிடமிருந்து பாடம் கொள்கிறார். ஆயினும் அங்கே போர்வீரன் எதற்காகப் போரிடுகிறான் என்பதை அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது. நிலம் பற்றிய வினா போரோடு இணைக்கப்பட்டது. பின்னாளில் அப்புரட்சி சென்ற திசை பற்றிய விமர்சனங்கள் எவையாயினும், மந்தை என்னும் உவமையை மறுத்தமை போர்ச் சிந்தனை வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

7

1815க்குப் பின் தும்பறையின் நிலமும் பறிபோனது. 1820களில் ஆங்கிலேயர் அமைத்த கொழும்பு–கண்டிப் பாதை, முட்கதவுகள் காத்த மலையைத் திறந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கியது. ஒருகாலத்தில் அரணாக நின்ற சரிவுகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. அவற்றில் உழைக்கத் தமிழகத்து வறிய உழவர் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். படையெடுப்பின் பாதை தோட்டத்தின் பாதையாயிற்று. 1985இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையும் தன்னுள் மூழ்கடித்தது.

ஆனால் 1815இன் போர்த்தந்திரம் நீரில் மூழ்கவில்லை. 2018 மார்ச் மாதத்தில் தெல்தெனிய, திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6இல் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரே சந்தையில் விற்று வாங்கி, ஒரே ஆற்றின் நீரை உண்டு வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அந்நியராகக் கண்டனர். டொயிலியின் நாட்குறிப்பில் அளந்து பதியப்பட்ட பிளவும், உடன்படிக்கையில் சட்டமாக்கப்பட்ட இனப்பெயரும் எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்டவை என்பதை அந்நாட்கள் காட்டின. உட்பகைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தது அரசனை எச்சரிப்பதற்கு. அவ்வெச்சரிக்கை இன்று மக்களுக்கே உரியது.

எனவே பண்டைச் சீனத்தின் போர்ஞானத்தைக் கற்பதில் தவறில்லை. கற்க வேண்டியதும் அவசியம். யாருடைய நூலாக அதனைக் கற்கிறோம் என்பதே வினா. அதனை வெற்றிச் சூத்திரங்களின் தொகுதியாகக் கொள்வோர் ஆட்டு மந்தையை ஓட்டும் கோலையே அதிலிருந்து பெறுவர். ஏழு இலட்சம் குடும்பங்களைப் பற்றிய அந்த ஒற்றைக் கணக்கிலிருந்து நூலைத் தொடங்குவோர், மலையையும் மழையையும் அறிந்திருந்தும் வரலாற்றில் பெயர் பெறாத தும்பறைக் குடியானவரையும், பின்னர் அதே மலையில் கொழுந்து பறித்த தோட்டத் தொழிலாளரையும் ஒருங்கே காண்பர். எமது இலக்கிய வரலாறு இனி எழுதப்பட வேண்டியது அவர்களின் பக்கத்திலிருந்தேயாகும்.